கோடியக்கரையில் கோடைப் பறவைகள்: மார்ச் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

கோடியக்கரைக்கு எப்போது போகலாம் என்று பறவை பார்ப்பவர்கள் யாரைக் கேட்டாலும், "அக்டோபருக்கு மேல போங்க, பிப்ரவரிக்குள்ள பார்த்துடுங்க, அப்புறம் ஒண்ணும் இருக்காது" என்பார்கள். பாதிதான் சரி. வலசைப் பறவைகள் சதுப்பு முழுக்க ஆயிரக்கணக்கில் இறங்கியிருப்பதைப் பார்க்க ஆசையென்றால் குளிர்காலம்தான். ஆனால் அந்த மண்ணிலேயே கூடு வைத்து, கத்திரி வெயிலில் முட்டையைக் காப்பாற்றி, குஞ்சு பொரித்து வளர்க்கிற பறவைகளைப் பார்க்கக் கோடையில்தான் போக வேண்டும். கோடியக்கரையின் சொந்தக்காரர்கள் அவர்கள்தான். அவர்களைப் பற்றி அதிகம் பேர் எழுதுவதில்லை என்பதால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தெற்கு மூலையில், வேதாரண்யத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி நிலம் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் முனைதான் கோடியக்கரை. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, அதைத் தாண்டினால் யாழ்ப்பாணம். 1967-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2002-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் இடம் இதுதான். அந்த ராம்சர் பரப்பு 38,500 ஹெக்டேர். அதில் காடும், வேதாரண்யம் பெருஞ்சதுப்பும், உப்பளங்களும், மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் எல்லாம் அடக்கம்.

ஆக, "கோடியக்கரை" என்று ஒரே பெயரில் சொன்னாலும் நீங்கள் பார்க்கப் போவது நாலு விதமான இடம்: சதுப்பு, உப்பளம், வறண்ட பசுமைமாறாக் காடு, கடற்கரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. அதை மாற்றிப் போனால் வெயிலைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

இன்னொரு விஷயம் மனதில் இருக்கட்டும். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகும் சாலை ஏறக்குறைய வடக்கு தெற்காகப் போகிறது, சதுப்பும் உப்பளமும் பெரும்பாலும் அதன் மேற்குப் பக்கம். அதனால் காலையில் சாலையோரம் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவையின் மேல் வெளிச்சம் நேராக விழும். அதே இடத்துக்குச் சாயங்காலம் போனால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான்.

எந்த மாதம் போவது

கோடை என்று மொத்தமாகச் சொன்னாலும் மாதத்துக்கு மாதம் காட்சி வேறு.

மார்ச் கடைசியும் ஏப்ரல் முதல் பாதியும் வலசைப் பறவைகள் வடக்கே திரும்பும் நேரம். இதுதான் என் மனதுக்கு மிகவும் பிடித்த காலம். குளிர்காலம் முழுக்கச் சாம்பல் நிறத்தில், எது எதுவென்று தெரியாமல் குழப்பிய உள்ளான்கள், உப்புக்கொத்திகள் போன்ற கரைப்பறவைகள் இப்போது இனப்பெருக்க நிறத்துக்கு மாறியிருக்கும். வளைமூக்கு உள்ளான் செங்கல் சிவப்பில் நிற்கும். மணல் உப்புக்கொத்தியின் மார்பில் செம்பழுப்புப் பட்டை வந்திருக்கும், சாம்பல் உப்புக்கொத்திக்கு வயிறு கறுத்திருக்கும். மீசை ஆலா கறுப்புத் தொப்பி போட்டு, கன்னத்தில் மட்டும் வெள்ளை விட்டு வைத்திருக்கும். அதற்கு ஏன் அந்தப் பெயர் என்பது அப்போதுதான் விளங்கும். புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குகிறவர்கள் கரைப்பறவைகளை அடையாளம் காணப் பழகுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. காட்டில் தோட்டக்கள்ளனும் (ஆறுமணிக்குருவி என்றும் சொல்வார்கள்) கிளம்பும் முன் ஒருமுறை கண்ணில் படலாம்.

ஏப்ரல் பின்பாதியிலிருந்து ஜூன் வரை கூடு வைக்கும் காலம். ஏப்ரல் 15-இல் விசைப்படகு மீன்பிடித் தடை தொடங்கி 61 நாள் நீடிக்கும், கடற்கரையிலும் அந்த நாட்களில் நடமாட்டம் குறைவு. கடுமையான வெயில் என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இந்த மாதங்களைப் பற்றியதுதான்.

ஜூலை சற்று மந்தம். கடைசி வாரத்திலிருந்தே வடக்கேயிருந்து திரும்பி வரும் முதல் பறவைகள் இறங்கத் தொடங்கும். முதலில் வருபவை வளர்ந்த பறவைகள், சாயம் போன சிவப்போடு இறகு தேய்ந்து வரும். அந்த வருடம் பிறந்த குஞ்சுகள் தனியாக, பின்னால் வரும். ஆகஸ்டில் இதைக் கவனித்துப் பார்க்கலாம்.

பூநாரை கோடையில் இருக்குமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பொறுத்தது. சதுப்பு காயும்போது பெரிய கூட்டங்கள் கிளம்பிவிடும். உப்பளங்களுக்குக் கடல்நீர் ஏற்றித் தேக்கி வைத்திருக்கும் பெரிய பாத்திகளில் சில கூட்டங்கள் தங்குவதுண்டு, அவற்றில் இன்னும் இளஞ்சிவப்பு ஏறாத சாம்பல் நிறக் குமரப் பறவைகளும் இருக்கும். பூநாரையை மட்டும் நம்பிக் கோடையில் கிளம்ப வேண்டாம்.

போய்ச் சேர்வதும் அனுமதியும்

நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, தஞ்சாவூர் எங்கிருந்தும் வேதாரண்யத்துக்குப் பேருந்து உண்டு. 2023 ஏப்ரலிலிருந்து திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி ரயிலும் ஓடுகிறது. 1930-இல் ராஜாஜி தலைமையில் வந்தவர்கள் உப்பு அள்ளிய அதே அகஸ்தியம்பள்ளிதான், நினைவுத் தூண் இருக்கிறது, போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

இரவு வேதாரண்யத்தில் தங்குங்கள். பேருந்தை நம்பினால் விடியலுக்கு முன் சதுப்புக்குப் போக முடியாது. முதல் நாள் மாலையே ஒரு ஆட்டோ அண்ணனிடம் பேசி, காலை ஐந்து மணிக்கு வரச் சொல்லிவிடுங்கள். சும்மா கொண்டுபோய் விடுவது மட்டும் இல்லை, அங்கங்கே நிறுத்தி நிறுத்திப் போக வேண்டியிருக்கும், நடுவில் ஹாரன் அடிக்கக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும், கோடியக்கரை சோதனைச் சாவடியில் வாங்கலாம். தங்கும் விடுதி, வழிகாட்டி, சதுப்புக்குள் போகும் பாதை இவற்றுக்கெல்லாம் நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோடையில் தீ பயம் இருந்தால் சில பாதைகளை அடைத்து வைப்பார்கள், கிளம்பும் முன் ஒரு போன் போட்டால் அலைச்சல் மிச்சம். தனியார் உப்பளம் என்றால் அவர்களிடமும் தனியாகக் கேட்க வேண்டும், வாயிற்காவலரைத் தாண்டிச் சத்தமில்லாமல் உள்ளே நுழைகிற வேலை வேண்டவே வேண்டாம்.

கையில் என்ன இருக்க வேண்டும்

8x42 பைனாகுலர் ஒன்று போதும். ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள், இங்கே பறவை தூரத்தில்தான் நிற்கும், நிற்கவும் வேண்டும். ஆனால் ஸ்கோப்பை அறுபது மடங்குக்குத் திருகி வைப்பதில் பயனில்லை, காலை எட்டு எட்டரைக்கு மேல் கானல் ஏறிவிடும், பெரிதாக்கப் பெரிதாக்கப் பறவை நெளியும். இருபது இருபத்தைந்தில் வைத்துப் பார்ப்பதுதான் உதவும். ஒன்பதுக்கு மேல் சதுப்பில் ஸ்கோப்பே வேண்டாம், மடித்து வைத்துவிடலாம்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு, அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை. கறுப்புக் கண்ணாடியை விட்டுவிடாதீர்கள். உப்புக் குவியலிலிருந்தும் பாத்தியிலிருந்தும் எதிரொளிக்கும் வெயில் சாதாரண வெயில் மாதிரி இல்லை, ஒரு மணி நேரத்தில் கண் எரிய ஆரம்பிக்கும். தாடைக்கு அடியிலும் மூக்குக்கு அடியிலும்கூடத் தோல் கருகும், அங்கேயும் சன்ஸ்கிரீன் தடவுங்கள்.

விடியல்: சதுப்பும் உப்பளமும்

மே மாதத்தில் ஐந்தரைக்கே நல்ல வெளிச்சம் வந்துவிடும். அந்த நேரத்துக்குச் சாலையோரக் கரையில் நீங்கள் நின்றிருக்க வேண்டும். உப்பளத் தொழிலாளர்கள் அதற்கும் முன்னாலேயே பாத்தியில் இறங்கி வாருகோலால் உப்பை இழுத்துக்கொண்டிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் அவர்களுக்கு. "அண்ணே, பறவை எந்தப் பக்கம் உட்காருது?" என்று கேட்டால் கை நீட்டிக் காட்டுவார்கள், நேற்று எங்கே இருந்தது, எந்தப் பாத்தியில் முட்டை கிடக்கிறது என்பதுவரை தெரியும். ஆனால் வேலையை நிறுத்தி வைத்துக் கேட்காதீர்கள், அனுமதி கேட்காமல் அவர்களைப் படம் எடுக்கவும் எடுக்காதீர்கள்.

முதலில் கண்ணில் படுவது நெடுங்கால் உள்ளான், இளஞ்சிவப்புக் குச்சிக் காலோடு. குஞ்சு இருந்தால் தலைக்கு மேல் பறந்து பறந்து கத்தித் தீர்க்கும். அப்புறம் ஆள்காட்டி. அதைத் தேட வேண்டியதே இல்லை, அதுவே உங்களைப் பார்த்து ஊருக்கெல்லாம் சொல்லிவிடும். வடக்கே போகாமல் தங்கிவிட்ட பச்சைக்காலி, பவளக்காலி, கோட்டான் (ஆந்தை இல்லை, வளைந்த நீள அலகுள்ள கரைப்பறவை) சில இருக்கும். இவை பெரும்பாலும் முதல் வருடக் குஞ்சுகள், கூடு வைக்கும் வயது வராததால் இங்கேயே கோடையைக் கழிக்கின்றன. நிறம் மாறாமல், குளிர்காலச் சாம்பல் இறகோடுதான் இருக்கும்.

சிறு ஆலாவைக் கட்டாயம் பாருங்கள். ஆலாக்களில் மிகச் சிறியவற்றில் ஒன்று, மஞ்சள் அலகின் நுனியில் மட்டும் கறுப்பு, நெற்றியில் வெள்ளை. தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, பொத்தென்று விழுந்து, மீனோடு எழும். ஆண் அந்த மீனைத் தின்னாமல் அலகில் வைத்துக்கொண்டே பறந்தால் அதைக் கண்ணால் தொடருங்கள், பெண்ணுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும்.

அனுமன் உப்புக்கொத்தி

கோடையில் கோடியக்கரை போக ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள் என்றால் நான் சொல்வது இந்தப் பறவையைத்தான்.

சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு, மண் நிறம், வயிறு வெள்ளை. வெகுகாலம் இதைக் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு வகையாகவே வைத்திருந்தார்கள். மரபணு, அளவு, இறகு எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து 2023-இல் தனி இனம் என்று முடிவு செய்தார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கூடு வைக்கிற பறவை, அது வாழும் பகுதியில் ராமர் பாலமும் வருவதால் அனுமன் பெயர் வந்தது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வந்த கெண்டிஷ் உப்புக்கொத்திகளும் இவையும் கலந்து ஓடும்போது பிரித்துச் சொல்வது கஷ்டம். கோடையில் அவை போய்விடும். மே மாதம் உப்பளத்தில் ஒரு ஜோடி முட்டை வைத்திருக்கிறது என்றால் அது அனுமன்தான் என்று தைரியமாக எழுதிக்கொள்ளலாம். ஆணைப் பார்த்தால் தலையில் செம்பழுப்பு இருக்காது, கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் இருக்க வேண்டிய கறுப்புக் கோடும் பெரும்பாலும் இல்லாமல் முகம் வெளேரென்று இருக்கும், காலும் கெண்டிஷைவிட வெளிறிய நிறம்.

கூடு என்று ஒன்றும் கிடையாது. காய்ந்த சேற்றில் ஒரு சின்னக் குழி, சுற்றிலும் நாலைந்து கிளிஞ்சல் துண்டு, அதில் இரண்டு அல்லது மூன்று முட்டை. மண்ணில் மை தெறித்தது போன்ற கறுப்புப் புள்ளிகள். இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. காலில் மிதிபடும் ஆபத்தும் அதனால்தான்.

தூரத்துக் கரையில் உட்கார்ந்து ஸ்கோப்பில் அரை மணி நேரம் பொறுமையாகப் பாருங்கள். காலை ஏழு மணிக்குப் பறவை முட்டைமேல் படுத்திருக்கும். வெயில் ஏற ஏற எழுந்து நிற்கும், உட்காராது. முட்டைக்கு நேர்மேலே கால் அகட்டி நின்று தன் நிழலை அதன்மேல் விழவைத்து, வாய் திறந்து மூச்சு வாங்கும். கொஞ்ச நேரத்தில் ஜோடிப் பறவை தண்ணீரில் இறங்கி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடி வந்து இடம் மாற்றிக்கொள்ளும், அந்த ஈரம் முட்டையைக் குளிர வைக்கிறது. ஆள்காட்டியும் இதையே செய்யும். முட்டையைச் சூடாக்கத்தான் அடைகாப்பது என்று நாம் படித்திருக்கிறோம், இங்கே பாதி நேரம் சூட்டிலிருந்து காப்பதுதான் வேலை.

கூட்டிலிருந்து தள்ளி நிற்பது

மேலே சொன்னதிலிருந்தே புரியும், அந்தப் பறவையை நீங்கள் எழுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று. மே மாத வெயிலில் முட்டை நிழலில்லாமல் சில நிமிடம் கிடந்தாலே உள்ளே இருக்கும் உயிர் போய்விடலாம். பறவை திரும்பி வரும், வந்து செத்த முட்டையை நாள்கணக்கில் காத்துக்கொண்டு நிற்கும். இதை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு அடியும் எடுத்து வைக்க வேண்டும்.

சாலையையும் பெரிய கரையையும் விட்டுப் பாத்தி வரப்பிலோ காய்ந்த சதுப்பிலோ இறங்காதீர்கள். பறவை உங்களைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டுகிறதா, முட்டையை விட்டுக் குனிந்து ஓடுகிறதா, சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு நடிக்கிறதா, ஏற்கனவே நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். குனிந்து முட்டையைத் தேடாமல், காலடியைப் பார்த்து நடந்து, வந்த வழியே உடனே திரும்புங்கள். அந்த நடிப்பை வீடியோ எடுப்பவர்கள் இருக்கிறார்கள், எடுக்கும் ஒவ்வொரு நொடியும் முட்டை வெயிலில் கிடக்கிறது.

காகமும் நாயும் நரியும் மனிதன் போன இடத்தை நோட்டம் விடும். நீங்கள் ஒரு இடத்தில் நின்று உற்றுப் பார்த்தால் காகமும் அங்கேயே பார்க்கும். கூட்டின் படத்தை இணையத்தில் போடாதீர்கள், இடத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். ட்ரோன் பேச்சே வேண்டாம்.

எட்டு மணிக்கு மேல்: காடு

சதுப்பில் கானல் தொடங்கியதும் காட்டுக்குள் போய்விடலாம். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டைப் புரட்டிப் போட்டது, சாய்ந்த மரங்களின் மிச்சம் இன்னும் தெரியும், நடுவே தழைத்து வந்தவையும் தெரியும். இங்கே பாலை மரம்தான் ராஜா. கோடையில் பாலைப்பழம் பழுக்கும், மஞ்சளாக, வேப்பம்பழம் அளவில், பால் பிசுக்கோடு ஒரு இனிப்பு. வேதாரண்யத்தில் சீசனுக்குக் கூறு போட்டு விற்பார்கள், வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். காட்டுக்குள் கீழே விழுந்ததைப் பொறுக்காதீர்கள், அது அங்கே இருக்கிறவர்களுக்கு.

பழுத்த பாலை மரம் ஒன்றைக் கண்டால் தள்ளி நிழலில் நின்றுவிடுங்கள், நடக்கவே வேண்டாம். குயில், வெண்புருவச் சின்னான், கிளி என்று ஒவ்வொன்றாக வரும். புதருக்குள் சின்னப் பூங்குயில் சத்தமில்லாமல் நழுவும், பச்சை அலகும் நீலம் சூழ்ந்த கண்ணும் தெரிந்தால் அதுதான். கறுப்பு வெள்ளையில் கொண்டையோடு கத்திக்கொண்டே பறப்பது சுடலைக்குயில், அது தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டை வைக்கும். தவிட்டுக்குருவிக் கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே பாருங்கள். திறந்த புல்வெளிக்கு வந்தால் சாம்பல்தலை வானம்பாடி செங்குத்தாக மேலேறி, பாடிக்கொண்டே விழுவதைப் பார்க்கலாம். அங்கேயே வெளிமான்களும் மட்டக்குதிரைகளும் மேயும். வனத்துறை தண்ணீர் நிரப்பும் தொட்டிகளுக்குக் கோடையில் எல்லா உயிரும் வந்தாக வேண்டும், அதனால் தொட்டியை ஒட்டி நிற்காதீர்கள், நீங்கள் நிற்கும்வரை அவை தாகத்தோடு காத்திருக்கும்.

ராமர் பாதம் என்ற சின்ன மேடுதான் இந்தப் பக்கத்தில் உயரமான இடம். ஏறிச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தால் காட்டின் அமைப்பு பிடிபடும்.

பத்தரைக்கு மேல் எதுவும் அசையாது. வேதாரண்யம் திரும்பி மோர், நுங்கு, கிடைத்தால் பதநீர், ஒரு தூக்கம். மூன்றரை வரை வெளியே வர வேண்டாம். தலை சுற்றல், வியர்வை நின்றுபோவது, குமட்டல் இருந்தால் அன்றைய பறவை பார்த்தல் முடிந்தது, நேரே மருத்துவரிடம் போங்கள்.

மாலை: கடற்கரை

இப்போது வெயில் மேற்கே, கிழக்குக் கரையில் நின்று கடலைப் பார்த்தால் வெளிச்சம் சரியாக இருக்கும். கட்டுமரக் கம்புகளிலும் மணல் திட்டிலும் பெரிய கொண்டை ஆலாக்கள் எல்லாம் காற்றை நோக்கி ஒரே திசையில் திரும்பி நிற்கும். தெற்கேயிருந்து சோழகக் காற்று பலமாக அடிக்கிற நாளில் பறவைகள் படகு, திட்டு என்று ஒதுங்குமிடங்களில் சேரும், அங்கே தேடுங்கள். செம்பருந்து எப்போதும் உண்டு, வெண்வயிற்றுக் கடற்கழுகு அதிர்ஷ்டம் இருந்தால். மார்ச் ஏப்ரலில் போனால் ஆமைக் குஞ்சு பொரிப்பகத்தில் கடலில் விடும் நேரத்தை வனத்துறையிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆறரைக்குப் பிறகு சரணாலயத்துக்குள் இருக்காதீர்கள். வெளியே சாலையோரத்தில் நின்றாலே கண்கிலேடி, பக்கி என்ற இரண்டு இரவுப் பறவைகளில் முதலாவதன் கூவலும், பக்கியின் 'சக் சக் சக்' என்ற சத்தமும் கேட்கும். டார்ச் அடித்துத் தேட வேண்டாம், காது போதும்.

குறிப்பெழுதுவதும் வளையமும்

அன்றைய பட்டியலை அன்றிரவே ஈபேர்டில் (பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளம்) ஏற்றிவிடுங்கள். கோடைப் பட்டியல் கோடியக்கரைக்குக் குறைவு, அதனால் "ஒன்றும் இல்லை, ஆள்காட்டி நாலு" என்பதும் பயனுள்ள பதிவுதான். எண்ணிக்கையைக் குத்துமதிப்பாகவாவது போடுங்கள், குஞ்சு, முட்டை, கூடு பார்த்தால் அதற்கான குறியீட்டையும் சேருங்கள். கூட்டின் துல்லியமான இடம் மட்டும் குறிப்பில் வர வேண்டாம்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் மாட்டி வருகிறது. காலில் வளையமோ வண்ணக் கொடியோ உள்ள பறவையைப் பார்த்தால் எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, என்ன நிறம், இரண்டு இருந்தால் மேலே எது கீழே எது, எழுத்து படிக்க முடிந்தால் என்ன எழுத்து, இவ்வளவையும் அங்கேயே எழுதுங்கள், நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மங்கலான படம் என்றாலும் பரவாயில்லை, தேதி, இடத்தோடு சேர்த்துக் கழகத்துக்கு அனுப்புங்கள். குறிப்பாக மே, ஜூன் மாதங்களில் வளையத்தோடு ஒரு உள்ளான் நிற்கிறது என்றால் அது அந்த வருடம் வடக்கே போகவில்லை என்பதற்கான நேரடிச் சாட்சி. குளிர்காலத்தில் மட்டும் வருகிறவர்களால் அதைத் தர முடியாது.